கப்டன் சொன்ன வணக்கம்

முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்பவள் ஒரு மாவோரிக்காரி. நியூசிலாந்தின் பூர்வீகக் குடி. ஒரு ஜேர்மன்காரனில் விருப்பப்பட்டு, கடல் தெரியும் வீட்டை விட்டுவிட்டு, ஜேர்மனியில் நிலக்கரி முடிந்துபோன கெல்சென்கிர்ச்சன் நகரத்துக்கு வந்து சேர்ந்தவள். காதலுக்குக் கண் இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேடத் தேவையில்லை. நான் மன்னார்க்காரி. நானும் கடலை விட்டு வந்தவள்தான், ஆனால் என்னைக் கிளப்பியது காதல் இல்லை, யுத்தத்தில் விழுந்த ஷெல். நாங்கள் இருவரும் டொச்சில்தான், அதாவது ஜேர்மன் மொழியில்தான் கதைப்போம். அவளுடைய டொச்சும் என்னுடைய டொச்சும் ஒரே காலில் நொண்டுவதால் எங்களுக்குள் விளங்காத கதையே கிடையாது. அவள் சொன்னதை எல்லாம் இங்கே என் பேச்சில்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள் மத்தியானம், சூப் பானைகளைக் கழுவி முடித்து இருவரும் பின்வாசலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவளுடைய ஆட்கள் நடித்த சின்னச் சின்னப் பகிடி நாடகங்கள். ஒவ்வொன்றும் ஒரு கோப்பி குடித்து முடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆங்கில வசனங்களை அவள் டொச்சில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதலாவதில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஆங்கிலேயக் கப்டன் ஒருவன் கரையில் இறங்கிக் கொடியை நடுகிறான். நடும் இடம் ஒரு மாவோரிக் குடும்பம் மீன் சுட்டுக்கொண்டிருக்கும் அடுப்படி. "நான் இந்த நாட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறான். வீட்டுக்காரி மீனைத் திருப்பிப் போட்டபடி, "கொஞ்சம் தள்ளி நில்லும் தம்பி, புகை உம்மட கண்ணுக்குள்ள போகுது" என்கிறாள். அவ்வளவுதான். கோபம் இல்லை, வசனம் இல்லை. நான் கோப்பியைத் துப்பிவிட்டேன்.

இன்னொன்றில் ஒரு வெள்ளைக்காரன் காணி அளக்கச் சங்கிலியோடு வருகிறான். பாவம், தனியாக நிற்கிறானே என்று ஊரே கூடி உதவி செய்கிறது. ஒருவர் சங்கிலியின் இந்தத் தலைப்பைப் பிடிக்க, இன்னொருவர் அந்தத் தலைப்பைப் பிடிக்க, பிள்ளைகள் நடுவில் தூக்கிப் பிடிக்க, வேலை மும்முரமாக நடக்கிறது. அளந்து முடிந்ததும் வீட்டுக்காரன் தன் வீட்டு வாசலிலேயே வெளியே நிற்கிறான். கையில் இன்னும் சங்கிலி. அதைக் கவனமாகச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, "வேற உதவி வேணுமோ?" என்று கேட்கிறான்.

சிரித்துக்கொண்டிருந்த நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"இது உங்கட ஆக்களுக்கு உண்மையா நடந்ததுதானே" என்று கேட்டேன். "இதைச் சொல்லிச் சிரிக்கலாமோ?"

"எத்தினையோ காலமா விளக்கம் சொல்லிப் பாத்தம்" என்றாள் அவள். "ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப சிரிக்கினம். சிரிச்சுப்போட்டு வீட்ட போய்த் தேடிப் படிக்கினம்."

மூன்றாவது நாடகம்தான் என்னை மாட்டியது. அது இந்தக் காலத்து அலுவலகம் ஒன்றில் நடக்கிறது. வெள்ளைக்கார முதலாளி கூட்டத்தைத் தொடங்கும்போது மாவோரி மொழியில் ஒரு வணக்கம் சொல்கிறார். ஒரேயொரு சொல். எல்லோரும் எழும்பிக் கைதட்டுகிறார்கள், ஒருத்தி கண்ணைத் துடைக்கிறாள், கேக் வருகிறது. பிறகு அங்கே வேலை செய்யும் மாவோரிப் பெண்ணொருத்தி தன் பாட்டனார் காலத்து வாழ்த்தைச் சொல்லத் தொடங்கி, நடுவில் ஒரு வரியை மறந்துவிடுகிறாள். எங்கிருந்து வந்தார்களோ தெரியாது, இரண்டு மாவோரி மாமிமார் பூச்சாடிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, நாக்கைச் "ச்சு" என்று கொட்டிவிட்டு மறைகிறார்கள்.

மாவோரிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய தாயின் காலத்தில் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசினால் அடி விழுமாம். அந்தப் பயத்தில் தாய் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவில்லை. இவள் வளர்ந்த பிறகு மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தவள். "அடிச்சவனில எனக்கு இப்ப பயமில்லை" என்றாள். "அந்த மாமிமாரிலதான் இன்னும் பயம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகளின் முகம்தான் வந்தது.

இங்குள்ள எங்கள் தமிழ் மன்றத்து விழாக்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மங்கல விளக்கு, போரில் இறந்தவர்களுக்கு அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை. இத்தனை உரைகளையும் தாண்டிப் பிள்ளைகள் மேடைக்கு வரும்போது அதுகளின் பொட்டு வியர்வையில் கரைந்திருக்கும். வருடாவருடம் நகரசபையிலிருந்து யாராவது ஒரு ஜேர்மன் விருந்தாளியும் வருவார். கடதாசியைப் பார்த்து "வணக்கம்" என்பார். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டுவோம். பொன்னாடை போர்த்துவோம். "என்ன வடிவாத் தமிழ் கதைக்கிறார்" என்று வடை சாப்பிடும்போது மாதக்கணக்கில் பேசத் தேவையான அளவுக்குப் பேசுவோம்.

என் மகள் அந்த மேடையில் கடைசியாக ஏறியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பேச்சுப்போட்டி. தலைப்பு, தாய்மொழியின் சிறப்பு. இந்தப் போட்டிகளில் பேசுவது பிள்ளை, எழுதுவது அப்பா என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். என் கணவர் மன்றத்தின் செயலாளர். பகலெல்லாம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற மனிதர், பேனாவைப் பிடித்தால் சங்கப் புலவராகிவிடுவார். அவர் எழுதிய செந்தமிழைப் பிள்ளை டொச் எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்கினாள். பாதி வரைக்கும் நன்றாகப் போனது. பிறகு அடுத்த வரி வரவில்லை. நின்றாள். கையைப் பிசைந்தாள். கடைசியில் டொச்சில் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினாள். தாய்மொழியின் சிறப்பை டொச்சில் முடித்துவிட்டாளே என்று மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பாவம் என்கிற சிரிப்புத்தான். ஆனால் மேடையிலிருந்து கேட்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அன்றோடு நின்றது. மூன்று வருடமாகிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் டொச்சில் பதில் சொல்வாள். சோறு, குழம்பு, அம்மா, அப்பா, இவ்வளவுதான் மிஞ்சிய தமிழ். நான் பயந்தது மொழிக்காக இல்லை. மொழி பெரிய ஆள், அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். எனக்கு டொச்சில் கோபப்படத் தெரியாது, ஆறுதல் சொல்லத் தெரியாது. நாளைக்கு அவளுக்கு ஒரு துக்கம் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் எதில் கதைப்போம்? அதுதான் என் பயம்.

அவள் இறங்கி வந்த அதே நாளில்தான் விருந்தாளியின் ஒற்றை வணக்கத்துக்கு நாங்கள் எழும்பி நின்று கைதட்டினோம். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு மாவோரிப் பகிடி தேவைப்பட்டது. கோபம் வந்தது. யாரில் என்று தெரியாத கோபம். அதை வைத்துக்கொண்டே அடுத்த நாள் சலாட்டுக்கு வேண்டிய வெங்காயம் முழுவதையும் நானே வெட்டினேன்.

வீட்டுக்குப் போய் அந்த மூன்று நாடகங்களையும் மகளிடம் காட்டினேன். ஆங்கிலம் எனக்கு ஓடாது, அவளுக்கு ஓடும். கீழே ஓடிய எழுத்தை வாசித்து டொச்சில் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தவள், மாமிமார் தலையை நீட்டிய இடத்தில் கட்டிலில் உருண்டாள். "அம்மா, இது எங்கட மன்றம்" என்றாள், டொச்சில்தான். திரும்பவும் போட்டாள். திரும்பவும் உருண்டாள்.

அந்த நேரம் கணவர் வேலையால் வந்தார். "என்ன, வீடு முழுக்கச் சிரிப்புச் சத்தம்?" என்றார்.

அவள் டொச்சில் சொல்லிப் பார்த்தாள். விளக்கிச் சொன்ன பகிடி ஆறின தேத்தண்ணி. அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பொறுமை இழந்த மகள் சமையலறைக்குள் ஓடி, அரிசி வடிக்கும் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். அகப்பையைக் கொடி மாதிரிக் கம்பளத்தில் ஊன்றினாள். பிறகு தமிழில் வாய் திறந்தாள்.

"வணக்கம். நான்... இந்தக் கரை... கண்டுபிடிச்சது."

கணவர் காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். மனிதர் இப்போது 'கண்டுபிடித்தேன்' என்று திருத்தப்போகிறார், எல்லாம் கெட்டுக் குட்டிச்சுவராகப்போகிறது என்று நினைத்தேன். அவர் சப்பாத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்பிடியோ ஐயா?" என்றார். "அது எப்ப துலைஞ்சது?"

அவள் சிரித்த சிரிப்பில் பாத்திரம் தலையிலிருந்து விழுந்து உருண்டது. அன்றைக்குக் கப்டன் எங்கள் வீட்டு இருக்கையறையில் இரவுச் சாப்பாடு வரைக்கும் தமிழில் ஆட்சி செய்தான். பிழை பிழையான தமிழ். ஆனால் கப்டன் விட்ட பிழை கப்டனுடைய பிழை. அவளுடையது இல்லை. அந்தத் தொப்பிக்குக் கீழே அவளுக்கு வெட்கம் இருக்கவில்லை.

இதை மேடையில் போடவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. முன்பு தமிழ்ப் பள்ளியில் கூடப் படித்த இரண்டு பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டாள். முறைப்படி மாவோரிக்காரியிடம் கேட்கவேண்டும் என்று என்னையே தூதனுப்பினாள்.

"எங்கட கப்டனை எடுக்காதேங்கோ" என்றாள் மாவோரிக்காரி. "அவன் எங்களுக்கு வேணும். உங்களுக்கும் ஒருத்தன் வந்திருப்பான்தானே, அவனை எடுங்கோ."

எங்களுக்கு ஒருவனா வந்தான்? போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், வெள்ளைக்காரர் என்று வரிசையாக வந்தார்கள். மகள் முதலில் வந்தவனையே எடுத்தாள். என் கழுத்தில் தொங்கும் சிலுவையும் அவனுடைய கப்பலில்தான் வந்தது. அதற்காக அவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று எந்த வேதத்திலும் நான் வாசித்ததில்லை.

வசனத்தைத் தானே எழுதித் தருவதாகக் கணவர் பேனாவைத் திறந்தார்.

"வேண்டாம் அப்பா" என்றாள் மகள். "நீங்கள் எழுதினா நான் மறந்துபோவன்."

தமிழில்தான் சொன்னாள். அவர் பேனாவை மூடிவிட்டார். அந்த மனிதரின் முகத்தை அப்போது பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

கப்டன் வணக்கம் சொல்ல ஊரே பொன்னாடை போர்த்தும் கதை எப்படியோ மன்றத் தலைவரின் காதுக்குப் போனது. மன்றத்தை இருபது வருடத்துக்கு மேலாக இழுத்துக்கொண்டு வருகிற நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடுதான் சண்டை பிடிப்பது கஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியை வாங்கி, அதைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையள் நாடகம் போடட்டும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றார். "ஆனா அந்தப் பொன்னாடைக் கட்டம் வேண்டாம். முன்வரிசையில நகரசபையால வந்து இருப்பினம். நாங்கள் அவையின்ர நாட்டில இருக்கிறம். அவையள் என்ன நினைப்பினம்?"

மகள் தன் அறைக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்திருந்தாள். அதை நான் கண்டேன். இந்தக் கட்டத்தை வெட்டினால் இவள் இனி இந்த மன்றத்துப் படியை மிதிக்கமாட்டாள். மிதிக்காமல் விட்டால்கூடப் பரவாயில்லை, பாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பவும் டொச்சுக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள்.

"அண்ணை" என்றேன். "பிள்ளை இத்தினை வருசத்துக்குப் பிறகு இப்பதான் தமிழில வாய் திறக்குது. நீங்கள் மூடச் சொன்னா, இந்த முறை விழாவுக்கு என்னால வடை சுட ஏலாது."

தலைவர் திடுக்கிட்டுப் போனார். எங்கள் விழாவில் தலைமையுரை இல்லாவிட்டாலும் ஆட்கள் வருவார்கள். வடை இல்லாவிட்டால் வரமாட்டார்கள். இது அவருக்கும் தெரியும். என்றாலும் மன்றத்தின் மானம் பெரிதல்லவா, அவர் என் கணவரைப் பார்த்தார். செயலாளர் ஒரு முடிவு சொல்லட்டும் என்கிற பார்வை.

"பொன்னாடைதான் அண்ணை நாடகமே" என்றார் கணவர். "அண்டைக்கு அவள் மேடையால இறங்கி வரேக்க, நான் வாசல்ல விருந்தாளிக்குப் பொன்னாடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அவள் அதைப் பாத்துக்கொண்டுதான் போனவள்."

இதை அவர் எனக்கும் அதுவரை சொன்னதில்லை. தலைவர் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். "சரி, போடட்டும்" என்றார். "ஆனா கடைசியில போடட்டும். விருந்தாளி நேரத்தோட போனாலும் போவார்."

விருந்தாளி போகவில்லை. இந்த வருடம் வந்தது ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. கடதாசி இல்லாமலே "வணக்கம்" சொன்னார். வழமைக்கு மேலாகவே கைதட்டல். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, வடையை உறைப்பென்று சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, முன்வரிசையில் அசையாமல் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க என் கணவர். மாவோரிக்காரியும் என் அழைப்பில் வந்து, என் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தாள். தலைவர் ஒரு கண்ணை மேடையிலும் மற்றக் கண்ணை விருந்தாளியிலும் வைத்திருந்தார்.

திரை விலகியது. கடதாசித் தொப்பியோடு கப்டன் மன்னார்க் கரையில் இறங்கினான். கொடியைக் கொண்டுபோய் ஊர்த்தலைவர் கருவாடு காயப்போட்ட பாயில் நட்டான். கப்டன் என் மகள், கொடி அதே அகப்பை. "நான் இந்தக் கரை கண்டுபிடிச்சது" என்றான் கப்டன். "எப்ப துலைஞ்சது ஐயா?" என்றாள் ஊர்த்தலைவராக நடித்த பிள்ளை.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கழுத்தும் விருந்தாளியின் பக்கம் திரும்பி இருந்தது. இன்னொரு தடவை அவள் இந்த மேடையிலிருந்து அப்படி இறங்கினால் பிறகு நான் என்ன செய்தும் பயனில்லை.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு வெடிச் சிரிப்பு. ஒரு சொல் தமிழ் தெரியாத மாவோரிக்காரி, கருவாட்டுக்கு மேல் நட்ட கொடியைக் கையால் காட்டிக் காட்டிச் சிரித்தாள். வெட்கமில்லாத, முழு வயிற்றுச் சிரிப்பு. பின்வரிசையில் நின்ற இளசுகள் அவளைப் பார்த்துச் சிரித்தன. பிறகு மேடையைப் பார்த்துச் சிரித்தன.

கப்டனுக்கு உயிர் வந்தது. "வணக்கம்" என்றான். "இஞ்சரும், ஓடி வாரும், இவன் தமிழ் கதைக்கிறான்" என்று ஊர்த்தலைவர் மனைவியைக் கூப்பிட்டார். பொன்னாடை வந்தது. இன்னொரு வணக்கம், தென்னந்தோப்பு போனது. இன்னொரு வணக்கம், கிணற்றடி போனது. இதற்கிடையில் ஊர்த்தலைவரின் பிள்ளை பாட்டில் ஒரு வரியை விட்டுவிட, "சீ, உனக்கு ஒரு வரி வராதோ, அவரைப் பாத்துப் படி" என்று ஊர்த்தலைவர் கப்டனைக் காட்டினார். இப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. கொஞ்சம் கூசின சிரிப்பு. சில தாய்மார் தங்கள் பிள்ளைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்ததையும் நான் கண்டேன்.

கடைசியில் கப்டன் கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டு இருக்கிறான். ஊர்த்தலைவர் தன் சொந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார். கப்டன் நிமிர்ந்தும் பார்க்காமல் கேட்கிறான்: "டெர்மின் இருக்கோ?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்து வாசலில் அந்தச் சொல்லுக்காக விடியற்காலையில் குளிரில் நின்றிராத ஒருவரும் அந்த மண்டபத்தில் இல்லை. டெர்மின் என்றால் முன்கூட்டியே எடுக்கும் சந்திப்பு நேரம், அது இல்லாதவனுக்கு இந்த நாட்டில் கதவு திறக்காது. மன்றத் தலைவர் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். வணக்கத்தைத் தவிர நாடகம் முழுவதிலும் விருந்தாளிக்கு விளங்கிய ஒரே சொல்லும் அதுதான். அவர் என் கணவரிடம் குனிந்து ஏதோ கேட்டார், கணவர் கையை ஆட்டி ஏதோ விளக்கினார். அந்தப் பெண்மணி தோளில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தார், முகம் சிவந்தது, பிறகு அவரும் சிரித்துவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று பின்னர் கணவரிடம் கேட்டேன். "உள்ளதைச் சொன்னன்" என்றார்.

கைதட்டல் ஓய்ந்து, எல்லோரும் கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றபோது தலைவர் மகளிடம் வந்தார்.

"நல்லாச் செய்தனீங்கள் பிள்ளை" என்றார். "ஆனா அடுத்த முறை சுத்தத் தமிழில செய்யவேணும். டொச் கலக்கக்கூடாது. அதோட நேரத்தையும் கொஞ்சம் சுருக்கவேணும்."

தொப்பியை அவள் ஏற்கெனவே கழற்றிவிட்டாள். இப்போது கப்டன் இல்லை. என் மகள்தான் நிற்கிறாள்.

"மாமா, நீங்கள் டெர்மினுக்குத்தானே கூடச் சிரிச்சனீங்கள்" என்றாள். "நான் மேடையில நிண்டு பாத்தனான்."

"அது வேற பிள்ளை..."

"என்ன வேற? அது இல்லாட்டி அந்தக் கதை முடியாது. நேரம் சுருக்கிறதெண்டா நீங்கள் முதல் உங்கட பேச்சைச் சுருக்குங்கோ. பிள்ளையள் எல்லாம் பின்னுக்கு நித்திரை."

தலைவர் விடுகிறவர் இல்லை. மொழி என்றார், மரபு என்றார், அடுத்த தலைமுறை என்றார். அவளும் விடவில்லை. வினைச்சொல் எங்கேயோ போனது, இடையில் டொச் புகுந்தது, ஒருமை பன்மை எல்லாம் ஒன்றோடொன்று முட்டியது. கொத்துரொட்டித் தட்டோடு சுற்றி நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் வென்றுகொண்டிருந்தாள். ஓரிடத்தில் சொல் வராமல் தடுமாறியபோது கணவர் எடுத்துக்கொடுக்க முன்னே போனார். நான் சட்டையில் பிடித்து இழுத்தேன். "விடுங்கோ, அவளே தேடட்டும்" என்றேன். அவள் தேடி எடுத்தாள். சரியான சொல் இல்லை. ஆனால் தலைவருக்கு விளங்கியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காருக்குள்ளும் ஓயவில்லை. தலைவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று கணவர் வாயைக் கொடுத்துவிட்டார். பின் இருக்கையிலிருந்து அவள் அவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொன்னாள், எல்லாம் தமிழில். நான் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. துடைத்தால் பார்த்துவிடுவார்கள். பார்த்தால் இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிடுவார்கள்.